மெயில் பாஸ்வேர்டு மறந்துவிட்டதா? முதலில் லாக் அவுட் செய்யாதீர்கள்

போன ஜூன் மாதம் கடையைச் சாத்தும் நேரத்தில் ஓர் அம்மாவும் மகளும் வந்தார்கள். பெண் பிளஸ் டூ முடித்தவள். பொறியியல் கலந்தாய்வுக்குக் கொடுத்த மெயில் முகவரி ஒரு துண்டுச்சீட்டில் இருந்தது. பாஸ்வேர்டு யாருக்கும் நினைவில்லை. "பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேர் இருக்காமே சார், அதைப் போட்டு எடுத்துக் குடுங்க. எவ்வளவு ஆகும்?" என்றார் அம்மா. இருக்கிறது, ஆனால் உங்களுக்கு அது உதவாது என்றேன். வேலை செய்யச் சோம்பல்பட்டுச் சொல்கிறான் என்றுதான் நினைத்திருப்பார். அன்று அவரிடம் நின்றபடி சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். அந்தப் பெண்ணின் கதை கடைசியில்.

சாஃப்ட்வேர் எங்கே தேடுகிறது

இதை மட்டும் புரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம். ஜிமெயில் போன்ற சேவைகளிடம் உங்கள் பாஸ்வேர்டு எழுத்து எழுத்தாக இருக்காது. 'ஹாஷ்' என்ற கணக்கில் அதைப் போட்டு அரைத்து, அரைத்த மாவை மட்டும்தான் வைத்திருப்பார்கள். அடுத்த முறை நீங்கள் பாஸ்வேர்டைத் தட்டும்போது அதையும் அரைத்துப் பார்ப்பார்கள். இரண்டு மாவும் ஒன்றாக இருந்தால் கதவு திறக்கும். மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க அவர்களாலேயே முடியாது. இணையத்தில் இறக்கிய ஒரு சாஃப்ட்வேரால் மட்டும் எப்படி முடியும்?

அப்புறம் 'பாஸ்வேர்டு ரெக்கவரி' சாஃப்ட்வேர்கள் என்னதான் செய்கின்றன? நீங்கள் எப்போதோ 'சேவ்' கொடுத்ததால் உங்கள் கம்ப்யூட்டரே ஒரு மூலையில் எழுதி வைத்திருக்கும் பாஸ்வேர்டைத் தேடி, பூட்டை அவிழ்த்து, எழுத்தாகக் காட்டுகின்றன. வீட்டுக்குள் தொலைந்த சாவியை வீட்டுக்குள் தேடுகிற வேலை. சேவ் கொடுக்காத கம்ப்யூட்டரில் எதை ஓட்டினாலும் காலிப் பட்டியல்தான் வரும்.

அதனால் தேடுவதற்கு ஒரு வரிசை உண்டு. எங்காவது இன்னும் லாகினில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பிரவுசர், அதன்பின் மெயில் புரோகிராம். இவை கைவிட்டால்தான் தனி சாஃப்ட்வேர். எதுவும் நடக்கவில்லை என்றால் பாஸ்வேர்டைத் தேடுவதை விட்டுவிட்டுப் புதிது போடும் வழிக்குப் போக வேண்டும்.

படி 1: எங்கே இன்னும் திறந்திருக்கிறது?

பழைய போன், ஆபீஸ் கம்ப்யூட்டர், தம்பியின் லேப்டாப், டிவியில் யூடியூப். ஏதாவது ஒன்றில் அந்தக் கணக்கு இன்னும் திறந்தே இருக்கலாம். இருந்தால் அதுதான் உங்கள் கையில் இருக்கும் பெரிய சொத்து. லாக் அவுட் செய்யாதீர்கள். பிரவுசரில் 'கிளியர் டேட்டா' கொடுக்காதீர்கள். "ஒரு தடவை ஃபார்மட் பண்ணிப் பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் அவரிடமிருந்து கருவியை வாங்கி வைத்துவிடுங்கள்.

முக்கியமாக ஆண்ட்ராய்டு போனை ஃபேக்டரி ரீசெட் செய்துவிடாதீர்கள். போன் ஸ்லோவாக இருக்கிறது என்று ரெக்கவரி மெனுவுக்குப் போய் ரீசெட் கொடுத்துவிட்டு, திரும்ப ஆன் ஆகும்போது 'இந்த போனில் முன்பு இருந்த கூகுள் கணக்கைக் கொடு' என்று கேட்க, விழித்துக்கொண்டு நிற்பவர்கள் வாரத்துக்கு ஒருவராவது வருகிறார்கள். மொபைல் கடைகளில் இதை எஃப்ஆர்பி லாக் என்பார்கள். மெயில் பாஸ்வேர்டு மட்டும் போயிருந்தது, இப்போது போனும் சேர்ந்து போய்விட்டது.

லாகினில் இருக்கும் ஆண்ட்ராய்டு போன் கையில் இருந்தால் இப்படிச் செய்யுங்கள். செட்டிங்ஸில் 'கூகுள்' என்பதைத் திறந்து, கணக்கை நிர்வகிக்கும் பக்கத்துக்குப் போய், 'செக்யூரிட்டி' பகுதியில் 'பாஸ்வேர்டு' என்பதைத் தொடுங்கள். பழைய பாஸ்வேர்டைக் கேட்கும். கீழே இருக்கும் 'பாஸ்வேர்டை மறந்துவிட்டீர்களா?' என்பதைத் தொட்டால், பல நேரங்களில் போனின் திரைப்பூட்டை, அதாவது விரல் ரேகையையோ பின் எண்ணையோ பேட்டர்னையோ கேட்டுவிட்டுப் புதிய பாஸ்வேர்டு போட விட்டுவிடும். ஐந்து நிமிட வேலை. கடைக்கு வருபவர்களில் நிறையப் பேருக்கு இங்கேயே வேலை முடிந்துவிடுகிறது. இதற்குக் காசு வாங்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

படி 2: பிரவுசர்

குரோமில் மேலே வலது ஓரத்தில் மூன்று புள்ளிகளைத் தொட்டு 'பாஸ்வேர்ட்ஸ் அண்ட் ஆட்டோஃபில்' என்பதற்குள் 'கூகுள் பாஸ்வேர்ட் மேனேஜர்' என்பதைத் திறங்கள். சேமித்த தளங்களின் பட்டியல் வரும். தேடும் கட்டத்தில் 'கூகுள்', 'யாஹூ', 'லைவ்' என்று ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். ஜிமெயில் பாஸ்வேர்டு 'ஜிமெயில்' என்ற பெயரில் இருக்காது. கூகுளின் 'அக்கவுண்ட்ஸ்' முகவரியின் கீழ் இருக்கும். இது தெரியாமல் "லிஸ்ட்ல இல்லையே" என்று மூடிவிடுகிறவர்கள் அதிகம். கண் படத்தை அழுத்தினால் கம்ப்யூட்டரின் பின் எண்ணைக் கேட்டுவிட்டு பாஸ்வேர்டைக் காட்டும்.

ஒரே குரோமில் இரண்டு மூன்று பேருக்குத் தனித்தனி புரொஃபைல் இருக்கலாம். வலது மூலையில் இருக்கும் வட்டப் படத்தைத் தொட்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஃபயர்ஃபாக்ஸில் மூன்று கோடு மெனுவிலேயே 'பாஸ்வேர்ட்ஸ்' இருக்கிறது. விண்டோஸோடு சேர்ந்தே வரும் பிரவுசரான எட்ஜிலும் அதன் செட்டிங்ஸுக்குள் இதே போல உண்டு. வீட்டில் யாரும் எட்ஜைத் திறப்பதே இல்லை என்று நினைப்போம். கம்ப்யூட்டர் வாங்கின முதல் நாள், குரோம் இறக்குவதற்கு முன் எட்ஜில் லாகின் செய்து சேவ் கொடுத்திருப்பீர்கள். இரண்டு முறை அப்படிக் கிடைத்திருக்கிறது.

சில வெப்மெயில் பக்கங்களில் பிரவுசரே பாஸ்வேர்டை நிரப்பிவிடும். ஆனால் கறுப்புப் புள்ளிகளாக இருக்கும், கண் படமும் இருக்காது. அந்தப் புள்ளிகளின் மேல் ரைட் கிளிக் செய்து 'இன்ஸ்பெக்ட்' கொடுங்கள். பக்கத்தில் ஒரு கட்டம் திறந்து, ஒரு வரி நீல நிறத்தில் தெரியும். அந்த வரியில் 'டைப்' என்பதற்குச் சமமாக 'பாஸ்வேர்டு' என்று இருக்கும். அதை டபுள் கிளிக் செய்து 'டெக்ஸ்ட்' என்று மாற்றி என்டர் தட்டினால் புள்ளிகள் எழுத்துகளாகிவிடும். பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்தால் பழையபடி புள்ளிகள் வந்துவிடும், எதுவும் கெடாது.

கிடைத்த பாஸ்வேர்டு வேலை செய்யாவிட்டாலும் தாளில் எழுதி வையுங்கள். பழைய பாஸ்வேர்டைக் கொடுத்தால் கூகுள் வெறுமனே 'தவறு' என்று சொல்லாமல், 'உங்கள் பாஸ்வேர்டு இத்தனை மாதங்களுக்கு முன் மாற்றப்பட்டது' என்று சொல்வதுண்டு. அதைப் பார்த்தால் சந்தோஷப்படுங்கள். நீங்கள் தட்டியது ஒரு காலத்தில் சரியான பாஸ்வேர்டாக இருந்தது என்று பொருள். பெயர், அட் குறி, 123 என்று இருந்தது 1234 ஆகியிருக்கலாம், பிறந்த வருடமாகியிருக்கலாம். நம் ஆட்கள் பாஸ்வேர்டை அடியோடு மாற்றுவதில்லை, வாலைத்தான் மாற்றுவார்கள்.

படி 3: தண்டர்பேர்ட், அவுட்லுக்

இது போன்ற மெயில் புரோகிராம்களை வைத்து மெயிலைக் கம்ப்யூட்டருக்கே இறக்கிப் படிக்கும் பழக்கம் ஆடிட்டர் ஆபீஸ்களிலும் சின்னக் கம்பெனிகளிலும் இன்னும் இருக்கிறது. தண்டர்பேர்டில் 'செட்டிங்ஸ்', அதில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', அதற்குள் 'சேவ்டு பாஸ்வேர்ட்ஸ்'. பட்டியல் வந்ததும் 'ஷோ பாஸ்வேர்ட்ஸ்' அழுத்துங்கள். தனி சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம்.

பட்டியலில் 'ஐமேப்' என்றோ 'எஸ்எம்டிபி' என்றோ தொடங்கும் வரிகளில் இருப்பது உண்மையான பாஸ்வேர்டு. 'ஓஆத்' என்று தொடங்கும் வரியில் நீளமாக, தலைகால் புரியாத எழுத்துகள் இருக்கும். அது பாஸ்வேர்டு இல்லை, டோக்கன். கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டு டோக்கன் கொடுப்பார்களே, அது மாதிரி: 'இவர் ஏற்கெனவே வந்து பெயர் சொல்லிவிட்டார், உள்ளே விடு' என்பதற்கான சீட்டு. அதை ஜிமெயில் லாகின் பக்கத்தில் ஒட்டிப் பார்த்துப் பயனில்லை.

பழைய கட்டுரைகளை நம்பி நேரத்தை விரயமாக்குகிறவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்கு, வெறும் பாஸ்வேர்டை வைத்து மெயில் புரோகிராம்கள் உள்ளே நுழைவதை 2022 மே 30 முதல் கூகுள் நிறுத்தத் தொடங்கியது. மைக்ரோசாஃப்டும் தன் அவுட்லுக், ஹாட்மெயில் முகவரிகளுக்கு 2024 செப்டம்பர் 16 அன்று அந்த வழியை அடைத்தது. அதற்குப் பிறகு அமைத்த தண்டர்பேர்டிலும் அவுட்லுக்கிலும் இந்தக் கணக்குகளின் பாஸ்வேர்டே இருக்காது, டோக்கன்தான் இருக்கும். இல்லாததை எந்த சாஃப்ட்வேரும் எடுக்காது. ஆனால் அந்த டோக்கன் உயிரோடு இருக்கும்வரை மெயில் வந்துகொண்டிருக்கும். எனவே அந்த வசதி இருக்கும்போதே முக்கியமான மெயில்களை வேறு இடத்தில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 4: தனி சாஃப்ட்வேர்

கடைசியில் இந்த இடத்துக்கு வந்துவிட்டோம். நிர் சோஃபர் என்பவர் எழுதி நிர்சாஃப்ட் என்ற பெயரில் இலவசமாகத் தரும் சிறு கருவிகள் இந்தத் துறையில் ரொம்பப் பழையவை, நம்பகமானவை. 'மெயில் பாஸ்வியூ' என்பது அவுட்லுக் எக்ஸ்பிரஸ், விண்டோஸ் லைவ் மெயில், அவுட்லுக், தண்டர்பேர்ட், யூடோரா போன்றவற்றில் சேமித்த பாஸ்வேர்டுகளைக் காட்டும். 'வெப் பிரவுசர் பாஸ்வியூ' பிரவுசர்களுக்கு. 'பாஸ்வேர்ட் ஃபாக்ஸ்' ஃபயர்ஃபாக்ஸுக்கு மட்டும். பெயர்ப் பட்டியலைப் பார்த்தாலே தெரியும், பாதி இப்போது யாரும் பயன்படுத்தாதவை. பரணில் கிடக்கும் விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரில் அப்பாவின் பழைய மெயில் இருக்கிறது என்றால் இதைவிட நல்ல கருவி கிடையாது. போன மாதம் வாங்கின லேப்டாப்பில் பெரிதாக ஒன்றும் நடக்காது. குரோம் 2024ல் வந்த 127ஆம் பதிப்பிலிருந்து, வேறு புரோகிராம்கள் தன் சேமிப்புக்குள் கையை நுழைக்காதபடி கூடுதல் பூட்டுப் போடத் தொடங்கியது.

அந்தப் பூட்டு நம்மைத் தொல்லை செய்யப் போட்டதல்ல. சேமித்த பாஸ்வேர்டைப் படிக்கும் வேலையை நல்ல கருவியும் செய்கிறது, திருட்டு சாஃப்ட்வேரும் செய்கிறது. 'ரெட்லைன்' என்ற திருட்டு சாஃப்ட்வேரின் பிழைப்பே அதுதான். 2024 அக்டோபரில் பல நாட்டுப் போலீஸ் சேர்ந்து அதன் சர்வர்களை முடக்க வேண்டியிருந்தது. நிர்சாஃப்ட் கருவியை இறக்கியதும் ஆன்ட்டிவைரஸ் சிவப்பாகக் கத்துவதும் இதனால்தான். அதைச் செய்தவரின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கியிருந்தால் அந்தச் சத்தத்துக்குப் பயப்படத் தேவையில்லை. டெலிகிராம் குரூப்பிலோ, யூடியூப் வீடியோவின் கீழேயிருக்கும் லிங்க்கிலோ கிடைத்த பிரதி என்றால் ஆன்ட்டிவைரஸ் சொல்வதைக் கேளுங்கள்.

பழைய கம்ப்யூட்டரில் வேலை செய்யும்போது மனதில் வைக்க வேண்டியவை இரண்டு. ஒன்று: விண்டோஸ் பாஸ்வேர்டும் மறந்துவிட்டது என்று பென்டிரைவ் போட்டு அதை உடைத்தீர்களானால், சேமித்த பல பாஸ்வேர்டுகள் நிரந்தரமாகப் போய்விடும். அவற்றைப் பூட்டியிருக்கும் சாவி அந்த விண்டோஸ் பாஸ்வேர்டிலிருந்தே உருவானது. பாஸ்வேர்டை வெளியிலிருந்து மாற்றினால் சாவியும் போச்சு. இதை நான் ஒரு தாத்தாவின் கம்ப்யூட்டரில் செய்து கற்றுக்கொண்டேன். "பரவாயில்ல தம்பி" என்று அவர் சொன்ன விதம் இன்னும் உறுத்துகிறது.

இரண்டு: ஃபயர்ஃபாக்ஸும் தண்டர்பேர்டும் அப்படியல்ல. அவை பாஸ்வேர்டுகளை 'லாகின்ஸ்' என்ற ஃபைலிலும் சாவியை 'கீ4' என்ற ஃபைலிலும் தம் புரொஃபைல் ஃபோல்டருக்குள்ளேயே வைக்கின்றன. கம்ப்யூட்டர் செத்துப்போனாலும் ஹார்ட்டிஸ்க் உயிரோடு இருந்தால், உங்கள் பெயருள்ள ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் 'ஆப்டேட்டா', அதற்குள் 'ரோமிங்' என்று போய் அந்தப் புரொஃபைலை முழுசாகப் பிரதி எடுங்கள். சேமித்தவற்றைப் பூட்ட பிரைமரி பாஸ்வேர்டு என்று தனியாக ஒன்று போட்டிருக்கவில்லை என்றால் வேறு கம்ப்யூட்டரில் அது அப்படியே திறக்கும்.

சொந்த டொமைனில், அதாவது கம்பெனியின் வெப்சைட் பெயரிலேயே இருக்கும் மெயில் என்றால் இந்தப் பாடு எதுவும் வேண்டாம். ஹோஸ்டிங் பார்த்துக்கொள்பவருக்கு ஒரு போன் போடுங்கள். சிபேனல் என்ற நிர்வாகப் பக்கத்துக்குள் போய் இரண்டு நிமிடத்தில் புதிய பாஸ்வேர்டு போட்டுத் தருவார். சாஃப்ட்வேர் கேட்டு வரும் கம்பெனிக்காரர்களிடம் நான் முதலில் கேட்பதே "உங்க வெப்சைட் செஞ்சது யாரு?" என்பதுதான்.

எவற்றைத் தொடக்கூடாது

மெயில் முகவரியை மட்டும் கொடுத்தால் பாஸ்வேர்டைச் சொல்லிவிடுவேன் என்கிற எல்லாமே ஏமாற்று. சில, முதல் இரண்டு எழுத்தைக் காட்டி மீதிக்குப் பணம் கேட்கும். சில, 'சோதனைக்கு உங்கள் சொந்த மெயிலும் பாஸ்வேர்டும் கொடுங்கள்' என்று வாங்கிக்கொண்டு போய்விடும். 'ஜிமெயில் கஸ்டமர் கேர்' என்று நம்பர் தேடிக் கூப்பிடுவதும் அதே கிணற்றில் விழுவதுதான். இலவச ஜிமெயில் கணக்கின் பாஸ்வேர்டை மீட்டுத்தர கூகுள் போனில் ஆள் வைத்திருக்கவில்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.

"இது என் மெயில் இல்ல, ஆனா தெரிஞ்சவங்களோடதுதான்" என்று தயங்கித் தயங்கி வருபவர்களும் உண்டு. அடுத்தவர் பாஸ்வேர்டை நேர்மையற்ற நோக்கில் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் இருக்கிறது. கணவன், மனைவி என்றாலும் சட்டம் அடுத்தவர் என்றுதான் பார்க்கும். நான் செய்து தருவதில்லை.

படி 5: பழையதை விட்டுவிட்டுப் புதிது போடுதல்

எதுவும் கிடைக்கவில்லை என்றால் லாகின் பக்கத்திலேயே இருக்கும் 'பாஸ்வேர்டை மறந்துவிட்டீர்களா?' தான் வழி. எல்லோரும் முதலில் இதைத்தான் செய்கிறார்கள். அவசரத்தில், தப்பான இடத்திலிருந்து செய்கிறார்கள்.

நீங்கள் யார் என்று கூகுளுக்குத் தெரியாது. கேள்விக்கான பதிலோடு, கேள்வி எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துத்தான் அது எடைபோடும். எனவே வழக்கமாக அந்த மெயிலைத் திறந்த அதே கம்ப்யூட்டர் அல்லது போன், அதே பிரவுசர், அதே வீட்டு வைஃபை. சென்னையில் ஹாஸ்டலில் இருந்துகொண்டு நண்பனின் போனில் பத்து முறை முயல்வதைவிட, ஊருக்குப் போனதும் பழைய கம்ப்யூட்டரில் ஒரு முறை முயல்வது மேல். கடைசியாக நினைவிருக்கும் பாஸ்வேர்டைக் கேட்டால் படி 2ல் எழுதி வைத்ததைக் கொடுங்கள். தெரியாது என்று தாண்டிப் போவதைவிட ஏறக்குறைய சரியான ஒன்றைக் கொடுப்பது நல்லது. விடாமல் தட்டிக்கொண்டே இருந்தால் 'பல முறை முயன்றுவிட்டீர்கள்' என்று நிறுத்திவிடும். அப்போது ஒருநாள் இரண்டுநாள் விட்டுவிட வேண்டியதுதான்.

மைக்ரோசாஃப்டின் முறை வேறு. மீட்பு எண்ணும் மீட்பு மெயிலும், அதாவது பாஸ்வேர்டு மறந்தால் உதவ என்று கணக்கில் கொடுத்து வைத்த போன் எண்ணும் வேறு மெயிலும், கைவசம் இல்லாதவர்களுக்கு ஒரு படிவம் தருவார்கள். சமீபத்தில் யாருக்கு மெயில் போட்டீர்கள், அதன் தலைப்பு என்ன என்றெல்லாம் கேட்கும். உங்களிடமிருந்து மெயில் வாங்கிய நண்பரிடம் கேட்டு, தலைப்பை எழுத்துப் பிசகாமல் நிரப்புங்கள். ஆனால் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன், அதாவது பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் முறை, போட்டிருந்தால் இந்தப் படிவம் செல்லாது.

பலரும் மாட்டிக்கொள்வது மீட்பு எண்ணில். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட சிம் ரத்தாகி 90 நாள் கடந்தால் அந்த எண்ணை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். உங்கள் ஓடிபி முன்பின் தெரியாத ஒருவரின் போனில் போய் விழும். ஜிமெயிலை 2 ஆண்டுகள் தொடாமலே விட்டிருந்தால் கணக்கையே கூகுள் நீக்கியிருக்கவும் வாய்ப்புண்டு.

உள்ளே போனதும் செய்ய வேண்டியது

மீட்பு எண்ணையும் மீட்பு மெயிலையும் அப்போதே மாற்றுங்கள், 'நாளைக்கு' என்று விட்டால் செய்யமாட்டீர்கள். போன் கையில் இல்லாதபோது ஓடிபிக்குப் பதிலாகக் கொடுக்க கூகுள் தரும் பேக்கப் கோடுகள் (ரகசிய எண்கள்) பத்து, ஒவ்வொன்றும் 8 இலக்கம். டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டிருந்தால் அவற்றைப் பிரிண்ட் எடுத்து ரேஷன் கார்டு, பத்திரம் வைக்கும் பையில் போட்டு வையுங்கள். பாஸ்வேர்டை நோட்டில் எழுதக்கூடாது என்பார்கள். நான் எழுதச் சொல்வேன். வீட்டு பீரோவுக்குள் இருக்கும் நோட்டை வெளிநாட்டுத் திருடன் வந்து படிக்கப்போவதில்லை. மானிட்டரில் ஒட்டாதீர்கள், அவ்வளவுதான்.

இனி அந்தப் பெண். அவளுடைய மெயிலை எந்தப் போனிலும் லாகின் செய்ததே இல்லை. பத்தாம் வகுப்பில் ஏதோ விண்ணப்பத்துக்காக ஒரு பிரவுசிங் சென்டரில் திறந்து கொடுத்தது. மீட்பு எண்ணாகக் கடைசி இரண்டு இலக்கம் மட்டும் திரையில் தெரிந்தது. அம்மா எண் இல்லை, அப்பா எண்ணும் இல்லை. மறுநாள் அந்த சென்டருக்கே போகச் சொல்லி, நானும் கூடப் போனேன்.

சென்டர்காரர் திரையைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார். "ஆரம்பத்துல எல்லாருக்கும் என் நம்பரைத்தான் போட்டேன் சார். ஒரு கட்டத்துக்கு மேல கூகுளே ஏத்துக்கலை. அப்புறம் வீட்டுக்காரி நம்பர்." வீட்டுக்காரி ஒரு வளைகாப்புக்காக வெளியூர் போயிருந்தார். கணக்கு பிறந்த அதே கம்ப்யூட்டரில் அந்தப் பெண் உட்கார்ந்து கோடு அனுப்பச் சொன்னாள். சென்டர்காரர் மனைவியைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"வந்திருக்கு. ஜி-ன்னு ஆரம்பிச்சு ஆறு நம்பர்."

"சொல்லு."

"ஓடிபி யார் கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

தான்தான் கேட்கிறேன் என்று நம்பவைக்க அவருக்கு மூன்று நிமிடம் ஆனது. அதற்குள் நேரம் கடந்து, இரண்டாவது கோடு அனுப்ப வேண்டியிருந்தது.